கணக்கில் வராத புகை

எரிவாயு கம்பெனிக்காரர்கள் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டபோது, போகவே கூடாது என்றுதான் அமல்ராணி நினைத்தாள். ஆனால் வார்டு மெம்பர் ஆகிவிட்ட பிறகு நினைத்தபடி எங்கே இருக்க முடிகிறது? இருந்ததில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகும் வழியில், ஏரியை ஒட்டி இருந்தது அந்த நிலையம். பூமிக்கடியில் குழாயில் வரும் எரிவாயுவை அழுத்தி மேற்கொண்டு தள்ளிவிடுகிற இடம். மதிலுக்கு உள்ளே புல்தரையும் சோலார் தகடுகளுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மதிலுக்கு வெளியே, காலனியைப் பார்த்தபடி, லாரி பருமனுக்கு டீசல் ஜெனரேட்டர்கள் நின்றன. சோலாரில் வராத மின்சாரம் அதிலிருந்துதான் வந்தது. கேபிள் மதிலைத் துளைத்து உள்ளே போனது. புகை காலனிக்குப் போனது.

காயப்போட்ட துணியில் கரி படிந்தது. களத்தில் உலர்த்திய மல்லாட்டைக் கடலையை வேகவைத்தால் டீசல் வாடை அடித்தது. அமல்ராணியின் புருஷன் பாக்கியராஜ் கொத்தனார். ஆயுசு முழுக்க சிமெண்டுத் தூசியில் நின்றும் வராத இருமல் இப்போது வந்து, சாரம் ஏற முடியாமல் வீட்டோடு கிடந்தான்.

மேடையில் நிலையத்து அதிகாரி தென்னரசு பேசினார். இந்த நிலையம் இனிமேல் கரியமில வாயுவே வெளியிடாத நிலையமாம். ஊர் உலகத்துக்குக் கம்பெனி கொடுத்த வாக்கைச் சொன்ன கெடுவுக்கு முன்பே காப்பாற்றிவிட்டதாம். சென்னையிலிருந்து வந்திருந்த தணிக்கை அம்மாள் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அமல்ராணியின் கையில் எரிகிற மெழுகுவத்தியைக் கொடுத்தார்கள். அவள் விளக்கின் முன்னால் அப்படியே நின்றாள்.

"சார், வெளிய ஜெனரேட்டரு ஓடிக்கினு கீதே. அந்தப் பொகையும் கணக்குல வந்துச்சா?"

தென்னரசு சிரித்த முகம் மாறாமல் சொன்னார். "அது நம்மளது இல்லம்மா, கான்ட்ராக்டருது. நம்ம குடுத்த வாக்கு மதிலுக்கு உள்ள இருக்கறதுக்குத்தான்."

அவள் தணிக்கை அம்மாளைப் பார்த்தாள். "எல்லைக்குள்ள இருக்கறத மட்டும்தான் நான் பார்க்க முடியும்" என்றார் அவர், குனிந்தபடியே.

"அப்ப எங்க ஊட்டுக்காரரு நெஞ்சுல கீற பொகை யாருது?"

யாரோ மைக்கை நிறுத்தினார்கள். அமல்ராணி மெழுகுவத்தியை ஊதி அணைத்து மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினாள். தப்பைத் திருட்டுத்தனமாகச் செய்திருந்தால்கூட இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. பந்தல் போட்டு, சால்வை போர்த்தி, அதற்கு விளக்கேற்றவும் நம்மையே கூப்பிடுகிறார்களே என்று வழிநெடுகப் பொருமிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் டீசல் லாரி வருகிற வழியில் போய் உட்கார்ந்தாள். காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூட உட்கார்ந்தார்கள். லாரி திரும்பிப் போனது. டீசல் வற்றி ஜெனரேட்டர்கள் நின்றன. நிலையமும் நின்றது. தென்னரசு ஓடிவந்து, "எடுத்துடறோம்" என்றார். சொன்னபடியே கிரேன் வந்தது. காலனியில் அமல்ராணிக்குச் சால்வை போர்த்திப் பட்டாசு வெடித்தார்கள். பாக்கியராஜ் அன்றைக்குத்தான் படுத்துத் தூங்கினான்.

அந்தச் சந்தோஷம் ஷேர் ஆட்டோவில் போயிற்று. திண்டிவனம் சந்தைக்குப் போகும்போது வீரம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவள். நடவுக்கு எப்போதும் இவளோடு சேர்ந்து போகிறவள். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னா வீரம்மா, பேச மாட்டேன்ற?"

"இன்னா பேசச் சொல்ற? உங்க ஊரு பொகைய எங்க ஊட்டாண்ட தள்ளிவுட்டுட்டு நீ சால்வ போட்டுக்கினியே, அதப் பேசட்டா?"

அமல்ராணி அங்கேயே இறங்கித் திரும்பி நடந்தாள். நிலையத்து மதிலிலிருந்து ஏரிக்கரை நெடுக ஒரு கறுப்புக் கேபிள் கிடந்தது. அதைத் தொடர்ந்தே போனாள். வீரம்மாளின் வீட்டுக்குப் பின்னால் அதே ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் மாதா கோயில் வாசலில் காலனியைக் கூட்டினாள். காலனிச் சங்கத் தலைவன் சகாய பிரவீன் சலித்துக்கொண்டான்.

"நமக்கு ஓஞ்சுதுல்லக்கா. அவங்க ஊர அவங்க பாத்துக்கட்டும்."

"கம்பெனிக்காரன் சொன்னதையே நீயும் சொல்றியேடா. அவனுக்கு மதிலு எல்ல, உனக்கு ஏரி எல்ல. வெக்கமா இல்ல உனக்கு?"

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. வீட்டில் பாக்கியராஜ் மெல்லக் கேட்டான்: "இப்பதான் மூச்சு வுட முடியுது. மறுபடியும் இங்கயே கொண்டாந்து வெச்சுட்டா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்தாள். காலனியிலிருந்து இரண்டு பெண்கள் மட்டும் பின்னால் வந்தார்கள்.

வீரம்மாளும் அவள் ஊர்ப் பெண்களும் ஏற்கெனவே பாதையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை. அமல்ராணி ஓரமாக உட்கார்ந்தாள். இந்தத் தடவை லாரிக்கு முன்னால் போலீஸ் வேன் வந்தது. தென்னரசு இவளைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"உங்க ஊர்லதான் எடுத்துட்டோமேம்மா. இது உங்க வார்டே இல்லையே."

"எடுத்தீங்களா, நவுத்துனீங்களா?"

அவர் போலீஸ்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்களைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். வேன் கம்பி வழியாக அமல்ராணி பார்த்தாள். லாரி குலுங்கிக் குலுங்கி ஜெனரேட்டர்கள் பக்கம் போனது. அதன் பின்னாலேயே கரும்புகை எழுந்து வீடுகளின் மேல் கவிந்தது.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் வந்தது. அமல்ராணி தன்னுடையதைப் பிரிக்கவே இல்லை. வீரம்மாள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ வந்து குந்திட்டதால எனக்கு மனசு ஆறிப்போச்சுன்னு நெனச்சுக்காத."

"ஆற வாணாம். அடுத்த லாரி எப்ப வருதுன்னு மட்டும் சொல்லு."

"வெள்ளிக்கிழம" என்றாள் வீரம்மாள்.