வியாபாரியின் கன்னம்

என் மனைவி ஓவியம் கற்றுக்கொள்ளப் போய், நடுவில் மாட்டிக்கொண்டது என் உயிர். இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அருங்காட்சியகத்தில் முந்நூறு வருடத்துப் படம் ஒன்று இருக்கிறது. கறுப்புக் கோட்டு போட்ட ஒரு வியாபாரி. எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழக வேண்டுமானால் அதைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரையச் சொன்னார் அவளுடைய வாத்தியார். ஒரு வருடம் அந்த ஆளே கதி என்று கிடந்தாள். அவன் கன்னத்துக்கு மஞ்சளில் எவ்வளவு பழுப்பு சேர வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

பிறகு என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். அப்போதே எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாடு இறங்கவில்லை. "ஆடாம உக்காருங்க" என்பதைத் தவிர என்னிடம் வேறு பேச்சில்லை. படம் முடிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மச்சினன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னக்கா, அத்தானைப் பழுக்க வச்சிட்டே?"

"உனக்கென்னடா தெரியும்? பெரிய ஓவியருங்க தோலை இப்படித்தான் போடுவாங்க. படத்தையும் பாரு, அவரையும் பாரு. அச்சு அசல்!"

அவன் என்னைப் பார்த்தான். "ஆமா, அப்படியேதான் இருக்கு" என்றான். நானும் தலையாட்டினேன். வீட்டில் கண்ணாடி இருக்கத்தான் செய்தது. சவரம் செய்கிறவன் தாடையைத்தான் பார்க்கிறான்.

அடுத்த மாதம் அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தைச் சுத்தம் செய்தார்கள். மேலே பூசிய பழைய வார்னிஷ் மஞ்சளித்துப் போயிருந்ததாம். அதை எடுத்ததும் வியாபாரி புது மாப்பிள்ளை மாதிரி சிவந்த கன்னத்தோடு நின்றிருக்கிறான். வீட்டுக்கு ஓடிவந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"ஐயோ, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே!"

பித்தக்குழாயில் கட்டி. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா எடுத்திருக்கலாம். வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்றார் டாக்டர்.

"கவனிச்சா டாக்டர். வரைஞ்சே வச்சிருக்கா" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இப்போது மறுபடியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். பழைய மஞ்சளின் மேல் ரோஜா நிறத்தைப் பூசுகிறாள். நான் ஆடினாலும் திட்டுவதில்லை, நிமிர்ந்தே பார்ப்பதில்லை. சட்டை எனக்கு நாளுக்கு நாள் தொளதொளத்துப் போகிறது. படத்தில் மட்டும் நான் நன்றாகத் தேறிவருகிறேன்.