'அனிமே' என்ற சொல்லை நான் சொல்லவில்லை

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் கலை ஆர்வம் காரணமில்லை. போன மாதம் லிஸ்பனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதத் துணிவில்லாமல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

கடிதம் எழுதியவர் கிராசா டெல்மு என்ற பெண்மணி. 'அனிமே' என்ற எங்கள் ஜப்பானியச் சொல் மற்ற மொழிகளுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு சிறு நூல் தொகுக்கிறார். 1979இல் டெல்பர்ட் என்ற அமெரிக்கப் படைவீரர் தட்டச்சு செய்து, நாற்பது பேருக்கு நகலெடுத்து அனுப்பிய நான்கு பக்கத் தாள் ஒன்று அவரிடம் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு பிரதி போர்ச்சுகலுக்குப் போய், அங்கே ஒருவர் தன் மொழியில் எழுதி, அதை ஓர் இத்தாலியர் பார்த்து, இப்படியாக. அந்தத் தாளில் ஒரு வாக்கியம்:

"இந்த மூன்று படங்களை அன்போடு எனக்குத் தந்த திரு. குராமோச்சி, இதைச் செய்கிறவர்கள் இதை 'அனிமே' என்று அழைப்பதாகச் சொன்னார்."

அந்தக் குராமோச்சி நான்தான். முதல் பக்கத்தில் போட என் புகைப்படம் வேண்டுமாம். மாதக் கடைசிக்குள்.*

* (அந்தச் சொல் ஒரே கப்பலில் ஏறிப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனையோ பேர் வாயில், எத்தனையோ பெட்டிகளில் போயிருக்கும். எங்கள் வழி ஓர் ஒற்றையடிப் பாதை. என்ன, அதன் தொடக்கத்தில் என் பெயர்ப்பலகை நிற்கிறது.)

அந்த வாக்கியத்தில் பாதி உண்மை, பாதி பொய். எது எந்தப் பாதி என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நாலு வரி வேலை. மூன்று வாரமாகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜூன் மாதம். தோக்கியோவில் விடாத மழை."

அடித்துவிட்டேன். மழை பெய்ததென்னவோ நிஜம். ஆனால் மழையை வருணிக்கிற ஆள் எதையோ தள்ளிப்போடுகிறான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது: "மினோவா ஹிசாயே மிக எளிய பெண்." இதையும் அடித்தேன். அவரை எளியவராக்கினால் நான் கெடுத்தது சின்னதாகத் தெரியும். என்ன ஒரு தந்திரம், பாருங்கள்.

மூன்றாவது: "எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஒன்றுமே தெரியாத..."

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எல்லாம் தெரியும்.

3

நெரிமா பகுதியில், தோஃபு கடைக்கு மேல்மாடியில் எங்கள் சாயப் பட்டறை. பெரிய நிறுவனங்கள் வரைந்து அனுப்பும் கோட்டுப் படங்களைக் கண்ணாடி போன்ற தாளில் படியெடுத்து, தாளின் பின்பக்கம் சாயம் பூசித் திருப்பி அனுப்புவோம். பெண்கள் பூசுவார்கள். நான் வண்டியில் கொண்டுபோய்க் கொண்டுவருவேன்.

ஒரு காட்சிக்கு ஓர் உறை. அந்தக் காட்சிக்கான தாள்கள் எல்லாம் அதற்குள். உறையின் முகப்பில் சின்னச் சின்னக் கட்டங்கள். உறையை யார் கையில் எடுத்தாலும் தன் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். உள்ளே ஏதாவது குறைந்தால் கடைசி முத்திரை யாருடையதோ அவரே பொறுப்பு. மூத்தவர் முத்திரைக்கு அடுத்த கட்டமென்றால் நம்முடையதை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக் குத்துவோம். அவருக்குக் குனிந்து வணங்குவது போலத் தெரியும். யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லோரும் செய்வோம்.

மினோவா ஹிசாயேவை மரியாதைக்கு 'சான்' சேர்த்து மினோவா சான் என்போம்; சன்னலோரம் உட்கார்ந்து தாள்களைச் சரிபார்ப்பவர். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது வருடம் சாயம் பூசியவர். அடுத்த தொடரில் எந்தப் பாத்திரத்துக்கு என்ன நிறம் என்று முடிவுசெய்யும் வேலை அவருக்கு என்று பேசிவைத்திருந்தார்கள். சாயம் பூசுகிறவர்கள் பெயரைத் திரையில் யாரும் போட மாட்டார்கள். நிறம் முடிவுசெய்கிறவர் பெயர் வரும். அவர் அம்மா அதற்காகவே நிறப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். தொலைக்காட்சியைச் சொல்கிறேன். அதுவரை அவர்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைதான்.

(இந்தத் தொலைக்காட்சி விஷயத்தை நான் கதைக்காகச் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியதே நான்தான்.)

4

டெல்பர்ட் வந்தது மதிய உணவு நேரத்தில். மற்றவர்கள் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். மினோவா சான் மட்டும் வெள்ளைக் கையுறையைக் கழற்றாமல், இடது கையில் சோற்றுருண்டையும் வலது கையில் தூரிகையுமாக உட்கார்ந்திருந்தார். டெல்பர்ட் எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்தவர்.

"வணக்கம். தங்கள் பணியினைக் காண விழைகிறேன்."

"யாருப்பா இவரு, அரண்மனையிலேர்ந்து வந்திருக்காரா?" என்றார் மினோவா சான், தலையைத் தூக்காமல்.

எனக்குக் கால் தரையில் இல்லை. எங்கள் பட்டறைக்கு ஒரு வெளிநாட்டுக்காரர்! சுற்றிக் காட்டினேன். அவர் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"இத்தகைய படங்களைத் தாங்கள் எவ்வாறு அழைப்பீர்கள்?"

நான் நெஞ்சை நிமிர்த்தி, "அசைவோவியத் திரைக்கலை" என்று ஏதோ பெரிய பெயராகச் சொன்னேன். அப்படி ஒரு பெயரை அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்னதில்லை.

"அட போப்பா," என்றார் மினோவா சான். "இதுக்குப் போயி அவ்வளவு பெரிய பேரா? நாங்க அனிமேன்னுதாங்க சொல்லுவோம். அனிமேஷனைச் சுருக்கி அனிமே. வேலை செய்யறப்ப அவ்ளோ நீளமா யாரு சொல்லிட்டிருப்பா?"

டெல்பர்ட் எழுதிக்கொண்டார்.

"எங்க படம் மட்டும்னு இல்ல. உங்க ஊருக்காரங்க வரைஞ்சாலும் அனிமேதான். எழுதிக்குங்க."

இதை அவர் எழுதவில்லை. அந்தச் சொல் வெளியே போனபோது பாதிப் பேச்சோடுதான் போனது. இன்று உலகம் முழுக்க அது எங்கள் படங்களுக்கு மட்டுமான பெயராக நிற்கிறது. இங்கே நாங்கள் இன்னும் எல்லாவற்றையும் அனிமே என்றே சொல்கிறோம்.

அவர் புறப்படும்போது வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஒளிபரப்பாகி முடிந்த தாள்களைக் கட்டுக்கட்டாகக் குப்பையில்தான் போடுவோம். கொடுப்பதில் தப்பே இல்லை. படம் பிடித்துத் திரும்பி வந்த உறைகள் இருக்கும் அலமாரியிலிருந்து ஒன்றை உருவி, மூன்று தாள்களை எடுத்தேன். பச்சைத் தாவணி மாதிரி ஒரு துணி போர்த்திய பெண் கண்ணை மூடுகிற மூன்று தாள்.

"குராமோச்சி, அது ரஷ் பாத்தாச்சா?"

"ஆச்சு ஆச்சு."

ரஷ் என்பது படம் பிடித்ததைத் திரையில் ஓட்டிச் சரிபார்ப்பது; அது முடியும்வரை தாள்களைத் தொடக் கூடாது. முடிந்ததா என்று நான் பார்க்கவில்லை. முத்திரையும் குத்தவில்லை. முத்திரை என் மேசை இழுப்பறையில் இருந்தது. எட்டு அடி தூரம்.

5

மூன்று நாள் கழித்து அந்தக் காட்சிக்கு ரீடேக் கேட்டார்கள். உறையைத் திறந்தால் மூன்று தாள் இல்லை. திரும்பப் படியெடுத்துப் பூசி முடிப்பதற்குள் பெரிய நிறுவனத்தில் படப்பிடிப்பு மேடை ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடந்தது.

முதலாளி உறையோடு வந்து நின்றார்.

"கடைசி முத்திரை மினோவாவோடது."

மினோவா சான் என்னைப் பார்த்தார். நான் அடுப்பிலிருந்த கெட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் கொதிக்கக்கூட இல்லை, அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று எழுதலாம். பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் அசைக்கவில்லை.

"என் முத்திரைதாங்க. மன்னிக்கணும்," என்று மினோவா சான் குனிந்தார்.

6

(இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.)

மன்னிப்புக் கேட்கப் பெரிய நிறுவனத்துக்கு நேரில் போக வேண்டும். வண்டி ஓட்ட நான். வழியில் நிறுத்தி, யோகான் கட்டிகள் வைத்த இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கினோம். எந்தக் கடை, எந்த அளவு என்று நான்தான் யோசனை சொன்னேன். தப்பு செய்தவர்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். மினோவா சான் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார்.

"பாத்து ஓட்டு. ரோடு வழுக்குது."

அங்கே அவர் குனிந்தார். பக்கத்தில் நின்ற நானும் குனிந்தேன், அவரைவிடத் தாழ்வாக, அவரைவிட நீண்ட நேரம். நிறுவனத்து ஆள் என் தோளைத் தட்டினார்.

"பாரும்மா, அடுத்தவங்க தப்புக்கு இந்தப் பையன் எப்படிக் குனியறான்! இந்த மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் உங்க பட்டறைக்கு வேலை குடுக்கறோம்."

நான் மறுத்துப் பேசவில்லை. "இல்லைங்க, இல்லைங்க" என்று அடக்கமாகச் சொன்னேன். அடக்கமாக! நாற்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகும் அந்த "இல்லைங்க" நினைவு வந்தால் குளித்துக்கொண்டிருக்கும்போதுகூடச் சத்தமாக எதையாவது உளறிவிடுகிறேன்.

நிறம் முடிவுசெய்யும் வேலை வேறொருவருக்குப் போனது. மினோவா சான் அந்த மாதக் கடைசியோடு நின்றுவிட்டார். திரையில் அவர் பெயர் ஒருபோதும் வரவில்லை. தாள்கள் தொலைந்த பழி இங்கே அவர் மேல். அவர் சொன்ன சொல்லுக்கான நன்றி அங்கே என் பெயரில். டெல்பர்ட்டின் நான்கு பக்கத்தில் அவரைப் பற்றி இருப்பது இவ்வளவே: "சாயம் பூசும் ஒரு பெண்மணியும் அறையில் இருந்தார்."

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நான் தோக்கோரோசாவாவில் அவர் வீட்டுக்குப் போகிறேன். அவருக்கு எல்லாமே மறந்துபோயிருக்கிறது. சிரித்துக்கொண்டே பார்லித் தண்ணீர் தருகிறார். கிழித்துவிட்டேன். எனக்கு வசதியாக அவர் நினைவை நானே அழிக்கிறேன்.

இன்னொன்றில் முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்துகிறார். இது கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது. பிறகு பார்த்தால் இதிலும் தண்டனையை அளந்து கொடுப்பவன் நானே. எனக்கு எவ்வளவு வலிக்கலாம் என்று நானே முடிவுசெய்கிறேன்.

மூன்றாவதில் நான் போவதற்குள் அவர்

(இல்லை. இதை முடிக்க மாட்டேன். உயிரோடு இருப்பவரைக் கதைக்காகக் கொல்ல எனக்கு என்ன உரிமை?)

வேறு வழியில்லாமல், மதியம் இரண்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

8

"யாரு?"

"குராமோச்சிங்க."

"அட! புத்தாண்டு அட்டையில மட்டும் பேசற ஆளாச்சே நீ. யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லைங்க, யாருமில்ல."

"நம்ம வயசுல போன் வந்தா அதுக்குத்தான் வரும்."

லிஸ்பன் கடிதத்தைச் சொன்னேன். சொல்லைப் பற்றி மட்டும் சொன்னேன். கவனியுங்கள், அப்போதும் சொல்லைப் பற்றி மட்டும்.

"சொன்னது நீங்கதானே. உங்க பேரைப் போடச் சொல்லி எழுதட்டுமா?"

"எதுக்கு? ஊரே சொல்லிட்டிருந்த வார்த்தை. நான் என்ன பெத்தா போட்டேன்?"

அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காக என்னையே காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது.

"அந்த மூணு தாளு இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்குங்க. டெல்பர்ட் தவறிட்டாரு. மக வெச்சிருக்காங்க. போட்டோ அனுப்பியிருக்காங்க."

"பச்சை வெளுத்துடுச்சா?"

"கொஞ்சம்."

"அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன், அந்தப் பச்சை நிக்காதுன்னு. யாரு கேட்டாங்க."

மறுமுனையில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"வார்த்தையை யாரு சொன்னா என்ன, குராமோச்சி. தாளை யாரு எடுத்துக் குடுத்தாங்க? அதை எழுது. நீ அன்னிக்கு கெட்டிலைப் பாத்தே. நான் உன்னைத்தான் பாத்தேன்."

"மினோவா சான், நான் வந்து..."

"இப்ப போனைப் பிடிச்சுக்கிட்டே குனிஞ்சு நிப்பே. எனக்கா தெரியாது? குனியறதா இருந்தா நேர்ல வா."

வைத்துவிட்டார். நான் குனிந்துதான் நின்றிருந்தேன்.

9

லிஸ்பனுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். "படங்களைக் கொடுத்தவன் நான். கொடுக்கக் கூடாத நேரத்தில், கேட்டவரிடம் பொய் சொல்லிவிட்டுக் கொடுத்தேன். அதற்கான பழியை மினோவா ஹிசாயே சுமந்தார், வேலையும் இழந்தார். அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர்தான், தன் பெயர் அதற்கு வேண்டாம் என்கிறார். என் புகைப்படத்தை அனுப்பவில்லை." அந்த நூலில் இதைப் போடுவார்களா, தெரியாது. நான் யாரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ அந்த முதலாளியும், என் தோளைத் தட்டியவரும் இப்போது இல்லை. அவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். நீங்களும் கையை நீட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் கொடுக்க மாட்டேன். என் முத்திரை இல்லாமல் ஓர் உறையை ஒரு தடவை இன்னொருவர் தலையில் விட்டிருக்கிறேன்.

இந்தத் தாள்களை ஓர் உறையில் போட்டு, முகப்பில் பழையபடி கட்டம் போட்டிருக்கிறேன். ஒரு கட்டத்தில் மினோவா என்று எழுதி, அடுத்த கட்டத்தில் என் முத்திரையை இடப்பக்கமாக நன்றாகச் சாய்த்துக் குத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு கட்டமே இல்லை.

வியாழக்கிழமை காலை தோக்கோரோசாவாவுக்கு ரயில். யோகான் வாங்கியாகிவிட்டது, அதே கடை, அதே அளவு. பெட்டியை இந்தத் தடவை நான் தூக்கிக்கொண்டு போகிறேன்.