மயிரிழைக் கம்பி

கணினியில் இடப்பக்க அம்புக்குறியை அழுத்தியது போர்டுக்காரர்தான். அதில் பழியை வேறு யார்மேலும் போட வழியில்லை. வீட்டில் இன்னொருவர் அந்தச் செதுக்கும் இயந்திரத்தை விரலால்கூடத் தொட்டதில்லை. இயந்திரமும் சொன்ன பேச்சைக் கேட்டு இடப்பக்கமே போனது. நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கவில்லை. ஓரத்துச் சுவிட்சை இடித்தது, சட்டத்தை இடித்தது, அதற்குப் பிறகும் வழி இருக்கிறது என்று மோட்டார் உறுமியது. நேற்று முழுக்க முப்பரிமாண பிரிண்டரில் அச்சாகி வந்த ஆரஞ்சு நிறத் தாங்கி நடுவில் பிளந்து, ஒரு நட்டு பறந்துபோய் ஃபிரிட்ஜ் கதவில் டங்கென்று விழுந்தது. ஆபத்துக்கு அழுத்தவென்று பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. முன்பக்கம் லட்சணமாக இருக்கட்டும் என்று அதைச் சுவரோரமாகப் பின்னால் பொருத்தியிருந்தார். கை எட்டவில்லை. ஓடிப்போய் வீட்டு மெயின் சுவிட்சையே இறக்கினார். உள்ளே துணி துவைத்துக்கொண்டிருந்த மெஷினும் கூடவே மூச்சை விட்டது.

"இப்ப என்ன?" மனைவியின் குரல் மட்டும் வந்தது.

"ஒண்ணுமில்ல. சோதன பண்றேன்."

"யார?"

அவர் குனிந்து ஃபிரிட்ஜ் அடியில் நட்டைத் தேடினார்.

பித்தளையிலும் மரத்திலும் பெயர்ப்பலகை செதுக்குவது அவர் தொழில்; தெருவுக்கே அவர் போர்டுக்காரர் ஆனது அதனால்தான். எத்தனையோ வக்கீல்களையும் டாக்டர்களையும் வாசலில் நிறுத்திய கை. அந்தக் கையில்தான் கொஞ்ச நாளாக ஏதோ நடந்துகொண்டிருந்தது. உளியைப் பிடித்ததும் கட்டைவிரலுக்குள் ஒரு சின்னப் பூச்சி நுழைந்துகொண்டதுபோல ஓர் அதிர்வு. கடைசியாகச் செய்த பலகையில் 'ழ'வின் சுழிப்பு அலை அலையாக வந்துவிட்டது. வாங்கியவர் தடவிப் பார்த்து, கைவேலை கைவேலைதான் என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டைப்போல அவரை யாரும் திட்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் இயந்திர யோசனை வந்தது. கணினி சொல்ல, மோட்டார் நகர, உளி தானே வெட்டும். காலத்துக்கேற்ப மாற வேண்டாமா என்று வீட்டில் ஒரு சொற்பொழிவே நடத்தினார். நிஜக் காரணம், யாருக்கும் தெரியாமல் கையை ஓய்வுக்கு அனுப்பிவிடலாம் என்பது. சாப்பாட்டு மேசை இயந்திரத்துக்குப் போயிற்று. குடும்பம் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டது.

கை நடுங்குகிறதா என்று அவர் கேட்காமலும் இல்லை. நேராகக் கேட்கப் பயம். சுற்றி வளைத்துக் கேட்டார். தெருமுனை டாக்டர் காப்பியைக் குறைக்கச் சொன்னார், பிறகு பெரிய டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்க்கவும் சொன்னார். முதல் பாதியை மட்டும் போர்டுக்காரர் கடைப்பிடித்தார். மனைவி, தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே அடுப்பைத் துடைத்தாள். மச்சினன், கல்யாணமான ஆம்பளைக்கெல்லாம் அது சகஜம் என்று சிரித்தான்.

அந்த மச்சினன்தான் மதியம் வந்தான். கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறவன். உடைந்த தாங்கியைக் கையில் வாங்கி, ஒட்டினால் ஒட்டும் என்றான். போர்டுக்காரர் விடவில்லை. பிளாஸ்டிக் மட்டம், சுவிட்ச் மட்டம், மின்சாரமே இந்த வீட்டுக்கு மட்டும் மட்டமாக வருகிறது என்று வரிசையாகக் குற்றவாளிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மாமா, கொஞ்சம் தள்ளுங்க. எல்லாரையும் உள்ள தள்றதுக்கு முன்னாடி வயர் பெட்டிய ஒரு தடவ தொறந்து பாத்துருவோம்."

மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். மனைவியும் ஈரக் கையோடு வந்து நின்றாள். போர்டுக்காரர் மாட்டிய எல்லா வயரும் வரைபடத்தில் இருந்தபடிதான் போயிருந்தன, நிறம்கூட மாறவில்லை. போர்டுக்காரருக்கு லேசாக மார்பு விரிந்தது. மச்சினன் ஓரத்துச் சுவிட்சின் வயரைத் தேடிப்போய் அங்கேயே நின்றுவிட்டான்.

திருகுக்குள் போக வேண்டிய கம்பி இழைகளில் ஒன்று மட்டும் வெளியே தங்கியிருந்தது. தலைமயிர் கனம்தான். அது வளைந்து பக்கத்துத் திருகைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவிட்ச் அழுந்தினால் இணைப்பு அறும், அறுந்தால் மோட்டார் நிற்கும், அதுதான் ஏற்பாடு. இந்த ஒற்றை இழை இணைப்பை அறுபட விடவில்லை.

மச்சினன் வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். டார்ச் வெளிச்சம் மற்றத் திருகுகளின் மேலும் ஓடியது. ஒவ்வொன்றைச் சுற்றியும் பச்சைப் பிளாஸ்டிக்கில் கீறல்கள். ஸ்க்ரூடிரைவர் இடம் கிடைக்காமல் வழுக்கி வழுக்கி விழுந்த தடங்கள். எலி பிராண்டியதுபோல இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"கண்ணாடி மாத்தணும் மாமா. பவர் ஏறியிருக்கும்," என்றான் கடைசியில், பெட்டியைப் பார்த்தபடியே.

போர்டுக்காரர் மேசையில் கையூன்றி நின்றார். அவன் முகத்தைப் பார்த்தார். அவன் டார்ச்சை அணைத்து, மறுபடி போட்டான்.

"கண்ண விடு மாப்ள. கையச் சொல்லு. என் கை நடுங்குதா இல்லையா?"

"அட, அப்படில்லாம்…"

"நடுங்குது," என்றாள் மனைவி.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபமோ அழுகையோ இல்லை. கேட்ட விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மழைக்கு முன்னாடியிருந்தே நடுங்குது. தூங்கும்போது இல்ல, முழிச்சிருக்கும்போதுதான். காலைல சட்ட பட்டன் போட நான் ஓடி ஓடி வர்றேனே, ஆச முத்திப்போச்சுன்னா நெனச்சீங்க?"

அப்படித்தான் நினைத்திருந்தார்.

"நாளைக்குப் பெரிய டாக்டர்ட்ட போறோம். நான் வேலைக்கு லீவு சொல்லிட்டேன்."

வழக்கமாக இந்த இடத்தில் போர்டுக்காரர் கையைப் பைக்குள் நுழைத்துக்கொள்வார். இன்று அது மேசைமேலேயே கிடந்தது, பிளந்த ஆரஞ்சுத் துண்டுக்குப் பக்கத்தில், டார்ச் வெளிச்சத்தின் விளிம்பில். மூன்று பேரும் குனிந்து, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல, அது தன்பாட்டுக்கு நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.