ஓரம் வெட்டிய கார்டு

எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு பேப்பர் கட்டர் இருக்கிறது. என்னைவிட அதன்மேல்தான் அவருக்கு ஆசை அதிகம். மில்பிடாஸில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு பாஸ்போர்ட், ஓசிஐ, விசா எதுவானாலும் ஃபோட்டோ எங்கள் வீட்டு ஹாலில்தான். வெள்ளை பெட்ஷீட்டைச் சுவரில் கட்டி, ஆளை நிற்கவைத்து எடுத்து, ப்ரிண்ட் போட்டு, இரண்டுக்கு இரண்டு அங்குலம் அளந்து ஒரே வெட்டு. "கடைல போனா பதினெட்டு டாலர், அதுலயும் ஒரு காது தெரியாது" என்பார். "அங்கிள் மாதிரி யாரு கட் பண்ணுவா!" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு மனிதர் தரையில் நடக்க மாட்டார். பெயர் ஜம்புநாதன். பெரிய கம்பெனியில் இன்ஜினீயரிங் மேனேஜர். நான் ஷ்யாமளா, அவருடைய மனைவி. அந்தக் கட்டரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் பேஸ்பால் கார்டு பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சிரிக்க வேண்டாம். சிரிக்க வேண்டியவர்கள் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து வந்த ஐம்பத்து நாலு வயதுப் பெண்பிள்ளைக்கு பேஸ்பால் கார்டு எதற்கு என்று என் நாத்தனார் ஃபோனிலேயே கேட்டாள். என் மகள் மானஸா மூன்றாம் வகுப்பில் ஆட்டக்காரர் படம் போட்ட கார்டு ஒரு பாக்கெட் வாங்கி, பிடித்த ஆள் வரவில்லை என்று குப்பையில் போட்டாள். எடுத்துப் பார்த்தேன். முகத்துக்குக் கூண்டு மாட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு, கையை நீட்டிக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பெயர் கேட்ச்சர். எறிகிறவனையும் அடிக்கிறவனையும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். இவன் மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து மொத்த ஆட்டத்தையும் பார்க்கிறான். அடடா, இது நம்ம ஆள் என்று தோன்றியது. அன்றிலிருந்து கேட்ச்சர் கார்டுகள்தான் சேர்க்கிறேன், அதுவும் பழசாக இருந்தால் விடவே மாட்டேன்.

சேர்க்கப் போய்த்தான் அந்த மேஜை கிடைத்தது. சனிக்கிழமை காலை, ஒரு டிபன் கடையின் பின்பக்க மேஜை, நாங்கள் நாலு பேர். பிச்சுமணி சார், லிவர்மோரில் லேப் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனவர், மலையைத் தாண்டி ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணிக்கொண்டு வருவார். நஞ்சப்பன், கோயம்புத்தூர்க்காரர், சிப் டிசைன் வேலை, வாயில் எப்போதும் ஒரு குத்தல். பசீர் அகமது, ஆம்பூர், ஃப்ரீமான்ட்டில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், எங்களில் சின்னவர். இட்லி வடை சாப்பிட்டு, தட்டு போன பிறகு மேஜையை இரண்டு தடவை துடைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கார்டை வெளியே எடுக்க வேண்டும். கார்டு மேஜையில் இருக்கும்வரை காப்பி, தண்ணீர், சாம்பார் எதுவும் வரக் கூடாது. இது நான் போட்ட சட்டம். ஒரு தடவை நஞ்சப்பன் டம்ளரோடு வந்தபோது அவரை வாசல் வரைக்கும் துரத்தியிருக்கிறேன்.

காசு கிடையாது, கார்டுக்குக் கார்டு. ஆனால் பழைய கார்டின் உயிர் அதன் ஓரத்தில் இருக்கிறது. மூலை மழுங்கியிருக்கலாம், ஓரம் பிசிறியிருக்கலாம், பாதகமில்லை. அதைச் சீர்செய்கிறேன் என்று யாராவது ஓரத்தை வெட்டியிருந்தால் போச்சு, அப்புறம் அது வெறும் அட்டை. வெட்டிய கார்டை மறைத்துத் தள்ளிவிடுகிறவனைத் திருடன் என்றுதான் சொல்வார்கள். அதனால் எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் வந்தது. எந்தக் கார்டு கைமாறுவதாக இருந்தாலும் முதலில் என் கைக்கு வரும். நான் ஆபீஸில் சர்க்யூட் போர்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழுது சொல்கிறவள். பர்ஸிலிருந்து லென்ஸை எடுத்து, நாலு ஓரத்தையும் பார்த்து, "சரி" என்றால் சரி. "வேணாம்" என்றால் அந்தக் கார்டு பைக்குள் திரும்பிப் போய்விடும்.

"ஷ்யாமளா பாத்தாச்சுன்னா அப்பீலே கெடையாது" என்பார் பிச்சுமணி சார்.

பத்து வருஷமாக அப்படி. வீட்டில் நான் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை. கறிவேப்பிலை வாடிவிட்டது என்றால்கூட அவர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார். அந்த மேஜையில் மட்டும் என் ஒரு வார்த்தைக்கு மூன்று ஆண்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். வாரம் முழுவதும் அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் இருந்தேன்.

போன ஜனவரியில் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் என்று மூன்று வாரம் திருச்சி போய்விட்டு வந்தேன். வந்த வாரமே பசீர் ஒரு கார்டு காட்டினார். 1955-ஆம் வருஷத்துக் கேட்ச்சர். அவன் பெயர் இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது, எனக்கு மட்டும் ஆறு வருஷமாகத் தூக்கத்தைக் கெடுத்தவன். பதிலுக்கு என்னுடைய 1954 கார்டு ஒன்றைக் கேட்டார். கெட்டிப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கொடுத்தேன். அவருடைய கார்டை வெளியே எடுத்து நாலு ஓரமும் பார்த்தேன். என்னுடையதை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. என் கார்டை யார் பார்ப்பார்கள்? ஆயிரம் தடவை பார்த்த கார்டு என்று எனக்கும் ஒரு திமிர்.

மே மாதம் பசீர் அந்தக் கார்டைத் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தரம் பார்த்து முத்திரை வைத்துக் கொடுக்கும் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் முத்திரை வைக்காமல் ஒரு சீட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ரெண்டு ஓரம் ட்ரிம் பண்ணியிருக்குன்னு சொல்றாங்க."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை. எழுபது வருஷத்துக் கார்டின் ஓரம் டீ வடிகட்டும் துணி மாதிரிப் பழுத்திருக்கும். இது அப்போதுதான் கீறிய தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நான் பாக்கலை" என்றேன்.

"மேடம் கண்ணுக்கே தப்பிருச்சுங்களா?" என்றார் நஞ்சப்பன். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பாழாய்ப்போன கண். அது குருடாக இருந்திருந்தால் என்னை மன்னித்திருப்பார்கள். அடுத்தவர் கார்டில் ஒரு மயிரிழை குறையைக்கூட விடாதவளுக்கு, தன் கார்டில் ஒரு மில்லிமீட்டர் போனது தெரியாதா என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

பசீருடைய கேட்ச்சரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஒரு வாரம் டைம் கொடுங்கள், என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வெட்டின கார்டை எடுத்துக்கொண்டு எழுந்துவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கார்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். இருபத்திரண்டு கார்டு. ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஜனவரிக்குப் பிறகு வந்த மூன்றைத் தவிர, பத்தொன்பது கார்டில் ஓரம் வெள்ளையாக இருந்தது. அவர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன, இப்பதான் பாக்கறியா? நீ ஊருக்குப் போயிருந்தப்ப நான்தான் க்ளீன் பண்ணி வச்சேன். ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி பிசிறா இருந்துது. ஒவ்வொண்ணும் எவ்ளோ ஸ்ட்ரெய்ட்டா வந்திருக்கு பாரு."

பாராட்டை எதிர்பார்த்து நின்றார் அந்த மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டரைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். போடவில்லை. கத்தினேன். அழுதேன். இருபது வருஷத்து உழைப்பைக் கசாப்புப் போட்டுவிட்டீர்களே, ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன்.

"படம் அப்படியேதான இருக்கு? ஒரு மில்லிமீட்டருக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"படத்தை விடுங்க. அந்த மூணு பேரும் என்னைத் திருடின்னு நினைக்கறாங்க. சனிக்கிழமை நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். நான்தான் வெட்டினேன், அவளுக்குத் தெரியாதுன்னு. வேற ஒண்ணும் வேணாம். கார்டு போனது போகட்டும்."

"சரி, சொல்றேன். இதுல என்ன இருக்கு?" என்றார். நான் நம்பினேன். அவரே செய்து, அவர் வாயாலேயே சொன்ன விஷயம், அதை இன்னொரு தடவை சொல்ல என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பத்தொன்பது கார்டையும் பையில் போட்டுக்கொண்டேன். பார்த்தால் அவர்களுக்கே புரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. டிபன் கடையில் அவருக்கு ஐந்தாவது நாற்காலி போட்டார்கள். பிச்சுமணி சாரைப் பார்த்ததும் இவர் முதுகு நிமிர்ந்தது. கோயில் கமிட்டியில் சார் முக்கியஸ்தர், இந்த வருஷம் இவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அது மண்டையில் உறைக்கவில்லை.

தட்டுகள் போயின. மேஜையைத் துடைத்தார்கள். பசீரின் கேட்ச்சரை அவர் முன்னால் வைத்தேன். வெட்டின கார்டை நடுவில் வைத்தேன்.

"இவர் ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்கார்" என்றேன்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கார்டைப் பார்த்தார். பிச்சுமணி சார்தான் ஆரம்பித்தார்.

"ஜம்பு, இது எப்படி ஆச்சு? வீட்ல யாராவது தெரியாம வெட்டிட்டாங்களா? இந்தக் காலத்துல இதை எந்த முட்டாள் வெட்டுவான்?"

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தார்.

"எனக்கென்ன சார் தெரியும்? அவ கார்டுப் பெட்டிகிட்டயே நான் போறதில்ல. அவதான் எப்பவும் லென்ஸும் கையுமா ஏதாவது பண்ணிண்டிருப்பா."

"என்னங்க!" என்றேன்.

"விடு ஷ்யாமளா. ஏதோ ஆயிடுச்சு. கார்டைத்தான் திருப்பிக் குடுத்தாச்சே" என்று என் தோளைத் தட்டினார். எனக்காக மன்னிப்புக் கேட்கிற பாவனை வேறு.

பைக்குள் கையை விட்டேன். பத்தொன்பது கார்டும் விரலில் தட்டுப்பட்டன. அப்போதுதான் புரிந்தது. அதை எடுத்து மேஜையில் பரப்பினால் என்ன தெரியும்? ஒரு கார்டை வெட்டினவள் இல்லை இவள், பெட்டியோடு வெட்டினவள் என்றுதான் தெரியும். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"பொய் சொல்றார்" என்றேன். "இவர்தான் வெட்டினார். ஃபோட்டோ வெட்டற கட்டர்ல."

கட்டின புருஷன்மேல் பழியைப் போடுகிறாளே என்று பிச்சுமணி சார் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"பரவால்லக்கா" என்றார் பசீர், மெதுவாக. "மனசுல வச்சுக்காதீங்க. நான் எதுவும் நினைக்கல." நல்ல மனிதர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து, சூழ்நிலையை மாற்றவோ என்னவோ, நஞ்சப்பன் தன் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். அவருக்கும் பிச்சுமணி சாருக்கும் போன மாதமே பேசிவைத்த மாற்று. பத்து வருஷப் பழக்கம், என் கை தானாக நீண்டது. கார்டு என் கையைத் தாண்டிப் போனது. பிச்சுமணி சார் அதை வாங்கி, ஃபோனில் லைட்டைப் போட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் காட்டராக்ட்.

என் கை மேஜைமேல் நீட்டினபடியே இருந்தது. மடக்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சர்வரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் காப்பி சொன்னார். வந்த டம்ளர்களை அவரே வாங்கி, கார்டுகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வைத்து, ஒன்றை என் கையில் திணித்தார்.

"குடி, ஆறிடும்" என்றார்.

டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த காப்பி மேஜையில் வட்டம் போட்டது. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.