துணிக்கொடி தொய்ந்த வீடு

துணிக்கொடி தொய்ந்தது. நடந்தது அவ்வளவுதான். சுவர்க் கொக்கியில் ஒரு நுனியையும் பின்பக்க வேலிக் கம்பத்தில் மறு நுனியையும் மாட்டிவிட்டு, மகளின் ஈரக் கவுனை நடுவில் போட்டாள் டெய்லரம்மா. கவுன் கீழே போய்ப் புல்லில் உட்கார்ந்துகொண்டது.

போன வருஷமும் இதே கயிறு, இதே கொக்கி. அப்போது விண்ணென்று நின்றது. இதை இழுத்துக் கட்டவும் முடியாது, தளர்த்திக் கட்டவும் முடியாது. முடிச்சுப் போடுவதெல்லாம் அவளுக்கு ஆகாத வேலை. முதல் வருஷமே கொக்கிக்கும் கம்பத்துக்கும் நடுவில் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டு போனாள். ஊரில் அந்த அளவுக்கு நைலான் கயிறு வாங்கி, இரண்டு நுனியிலும் வளையம் வைத்துத் தடித்த நூலால் தைத்துவிட்டாள். வந்தால் மாட்ட வேண்டும், போகும்போது கழற்ற வேண்டும். அவ்வளவு கச்சிதம்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்!"

அவர் வந்தால்தானே. உள்ளே சமையலறைச் சுவரில் அலமாரி எங்கே அடிக்கலாம் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நாளைக் காலை பதினொரு மணிக்குத்தான் வீடு வாங்கும் கையெழுத்து. அதற்குள் சுவரெல்லாம் அவர் சொத்தாகிவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக இருட்டுக் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே பெட்டி தொங்க, ஸ்பானர் பிடித்தவர். பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். அவர் பொண்டாட்டியோ ஏழாவது மாடி வீட்டுக்குப் படியேறிப் போகிறவள். தப்பித் தவறி லிஃப்ட்டில் ஏறிய ஒருநாள், உள்ளே கிடுகிடுவென்று ஏதோ சத்தம் கேட்டது என்று கத்திக் கூப்பாடு போட்டு, அத்தனை பேரையும் வெளியே இறக்கிவிட்டாள். கடைசியில் பார்த்தால், பின்னால் நின்ற ஒருவரின் சாப்பாட்டு டப்பா உருண்ட சத்தம். அன்றிலிருந்து அவள் எதைப் பார்த்து பயந்தாலும் கட்டிடமே சிரிக்கிறது.

தையல் கடைக்கு லீவு விட்டுவிட்டு, வெளிநாட்டில், கடலைப் பார்த்தபடி மண்மேட்டின் உச்சியில் நிற்கும் இந்த வீட்டுக்கு வருஷம் இரண்டு வாரம் வாடகைக்கு வருவார்கள். இது நாலாவது வருஷம். வாங்குவதா, வாடகையே போதுமா என்ற வழக்கு போன வருஷம் ஆரம்பித்தது.

"எத்தன நாளைக்குத்தான் அடுத்தவன் தலகாணில தலைய வைக்கிறது?" என்பார் அவர். "நம்ம வீடு, நம்ம சாவின்னு ஒண்ணு வேணாமா?"

"வாடகைன்னா சாவியக் குடுத்துட்டு வந்துடலாம். ஒழுகினா அவன் பாடு, இடிஞ்சா அவன் பாடு. வாங்கிட்டோம்னா இங்க ஒரு ஓடு நகர்ந்தாலும் அங்க எனக்குத் தூக்கம் போயிடும்."

"உனக்கு என்னைக்குத் தூக்கம் வந்திருக்கு!"

வீட்டுக்காரர் திடீரென்று விலையைக் குறைத்தார். அதோடு வழக்கு முடிந்தது. கணவர் ஜெயித்தார், இவள் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது புல்லில் கிடந்த கவுனைப் பார்த்தபடி நின்றாள். கைப்பையில் அளவு நோட்டு இருந்தது. டூருக்கு வந்தாலும் வாடிக்கையாளர்கள் ஃபோன் போட்டு உயிரை எடுப்பார்கள் என்பதால் அது அவளோடேயே திரியும். பழைய பக்கங்களைப் புரட்டினாள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை அளவுகளுக்குக் கீழே அவள் கையெழுத்திலேயே இருந்தது: கொக்கி டு கம்பம், முப்பத்தோரு அடி.

டேப்பை எடுத்து அளந்தாள். இருபத்தேழு. நம்பாமல் திரும்பவும் அளந்தாள். இருபத்தேழேதான். சட்டை சுருங்கலாம், பாவாடை சுருங்கலாம். ஒரு வீட்டின் பின்பக்கம் நாலடி சுருங்குமா?

கம்பத்தின் காலில் சிமென்ட் புதுசாக வெளுத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பு உயரத்துக்குச் செடிகள். அதைத் தாண்டி என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, கடல்தான் தெரிந்தது. முன்பெல்லாம் அந்தப் பக்கம் ஒரு நடைபாதை இருந்தது. காலையில் நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் வேலிக்கு மேலே தலையாட்டிவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை வந்ததிலிருந்து ஒரு தலையைக்கூடக் காணவில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலிக்கு மேலே எட்டிப் பார்க்க இன்னும் ஓரடி எடுத்துவைக்கப் பார்த்தாள், கால் வரவில்லை. சுத்த பயந்தாங்கொள்ளி, என்ன செய்வது.

கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். அவர் கயிற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கயிறுன்னா நீளும்மா. எங்க லிஃப்ட்ல இரும்புக் கயிறே நீளுது, வருஷா வருஷம் வெட்டி விடறோம். இது நைலான்."

"கயித்த விடுங்க. தரைய அளந்தேன். முப்பத்தொண்ணு இருபத்தேழாயிருக்கு."

"கம்பத்த மாத்தி நட்டிருப்பார்."

"மாத்தறவர் ஏன் நாலடி உள்ள தள்ளி நடறார்?"

"சரி, அவரையே கேட்டுடுவோம். போதுமா?"

வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். எதற்கெடுத்தாலும் சிரிப்பார் என்பதால் இவர்கள் வைத்த பெயர் சிரிப்புக்காரர். இவர்கள் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை இவர்களுக்குத் தெரியாது. ஃபோனில் பேசுவார், ஃபோனுக்குள் இருக்கிற பெண் அதை இவர்கள் பாஷையில் செய்தி வாசிப்பது போல வாசிப்பாள். வந்தவர் சமையலறையின் பின்வாசலில் சாய்ந்து நின்றார். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

"பழைய கம்பம் துருப்பிடித்துவிட்டது," என்றாள் ஃபோன் பெண். "ஆகவே புதிய கம்பம் நடப்பட்டது. கவலை வேண்டாம்."

"கேட்டியா?" என்றார் கணவர்.

கேட்டாள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது சிரிப்புக்காரரின் கால்களை. முன்பெல்லாம் வந்தால் நேரே வேலிக்குப் போய், அதில் முதுகைச் சாய்த்துச் சிகரெட் பிடிக்கிற மனுஷன். இன்றைக்குப் பின்வாசற்படியைத் தாண்டிச் செருப்பு நுனிகூட வெளியே வரவில்லை. அவர் போகும்போது பார்த்தாள். அவர் வீட்டுத் துணிகளெல்லாம் தெருப்பக்கம், வெயிலே படாத நிழலில் காய்ந்துகொண்டிருந்தன. முந்தாநாள் சாயங்காலம் வந்து இறங்கியபோதே கணவர் அதைப் பார்த்து, "என்ன இந்தாளு, ஊருக்கெல்லாம் பனியனக் காட்டறார்!" என்று கிண்டல் பண்ணியிருந்தார். அப்போது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அன்று மத்தியானமே மகளின் கட்டிலைப் பின்னறையிலிருந்து தரதரவென்று இழுத்து முன்னறையில் போட்டாள். பதினோரு வருஷம் ஏங்கவிட்டுப் பிறந்த ஒரே பெண். வயசு ஆறு. செய்கிற சேட்டைக்கு வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பின்ரூம்லதான்மா கடல் தெரியும்!" என்று வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சவரைக்கும் போதும்," என்றாள் அம்மா.

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "உன்னோட பயத்துக்கு ஒரு அளவே இல்லையா?"

"அளவு இருக்கு. நாலடி."

இரவு முழுக்க யோசித்தாள். சொன்னால் நம்பமாட்டார். அந்தச் சாப்பாட்டு டப்பா சாகிறவரைக்கும் அவளை விடாது. கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்த வீட்டில்தான் இனி ஒவ்வொரு லீவும். மகள் அந்தப் பின்பக்கம் ஓடி விளையாடுவாள். பத்து வயசில் ஓடுவாள், பதினைந்து வயசில் தோழிகளோடு வருவாள். வாயால் சொல்லி எடுபடாது, அந்தச் சிரிப்புக்காரரின் காலே சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணினாள்.

காலையில் சிரிப்புக்காரர் ஒப்பந்தத் தாளோடு வந்தார். கணவர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் டெய்லரம்மா. "இவ்வளவு நல்ல காரியத்த எதுக்கு அடுப்படியில செய்யணும்? பின்னாடி அந்தக் கம்பத்துகிட்ட நாற்காலி போட்டு உக்காந்து, கடலப் பார்த்தமாதிரி கையெழுத்துப் போடலாம். அவரும் பக்கத்துல உக்காரட்டும். ஃபோட்டோ எடுக்கறேன்."

கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தார். ஃபோனை வாங்கி அப்படியே சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஃபோன் அவர் பாஷையில் அதைச் சொல்லி முடித்ததும் சிரிப்புக்காரரின் சிரிப்பு நின்றுபோனது. வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

அப்படியே நின்றிருந்தால் போதும், அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் நாற்காலி என்ற வார்த்தையை இன்னொரு ஆளும் கேட்டிருந்தாள்.

"நான் போடறேன் நாற்காலி!"

முன்னறையில் படம் வரைந்துகொண்டிருந்த வாலு, தன் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எல்லார் காலுக்கும் நடுவில் புகுந்து ஓடினாள். யாரும் கையை நீட்டுவதற்குள் கம்பத்துப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஃபோட்டோவுக்குப் பல்லைக் காட்டினாள்.

சிரிப்புக்காரர் அலறினார். என்ன பாஷையோ, என்ன வார்த்தையோ. அதைப் பெயர்த்துச் சொல்ல ஃபோன் தேவைப்படவில்லை.

கணவர் பாய்ந்தார். பாய்ந்தவரின் சட்டையைச் சிரிப்புக்காரர் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. திமிறியவரின் முகத்துக்கு நேரே அந்த மனுஷன் உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து, கீழே கீழே என்று அழுத்திக் காட்டினார். கணவரைத் தொட்டார், மண்ணைக் காட்டினார்.

எடை. இத்தனை பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று லிஃப்ட் கதவில் எழுதி ஒட்டுவதே கணவரின் பிழைப்பு. எண்பத்தைந்து கிலோ மனுஷன் வைத்த காலை அப்படியே வைத்த இடத்தில் விட்டுவிட்டு நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கல்யாணமானதிலிருந்து அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. அதைப் பார்க்க அவளுக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

ஐயோ, அந்த ஆளைச் சோதிக்கப் போய்ப் பெத்த பெண்ணை அனுப்பிவிட்டேனே! கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் குழந்தை ஓடிவரும், இல்லையென்றால் மிரண்டு பின்னால் போகும். இரண்டுமே கூடாது. டெய்லரம்மா கொக்கியின் பக்கத்தில் போய் நின்று, தொய்ந்து கிடந்த கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"வாலு, அந்தக் கயித்தப் பிடிச்சுக்கோ கண்ணு."

"எதுக்கும்மா?"

"ஒரு விளையாட்டு. கயித்த விடாம, ஓடாம, பூனை மாதிரி நடந்து அம்மாகிட்ட வரணும். வந்தா நீ ஜெயிச்ச."

"ஸ்டூல்?"

"ஸ்டூல் அங்கயே இருக்கட்டும்டா."

வாலு கயிற்றைப் பிடித்தாள். அம்மா வாய்க்குள் எண்ணினாள். இருபத்தேழு. இருபத்தைந்து. நடுவில் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துப் பிள்ளை நின்றுவிட்டாள். அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, "பூனை நிக்காதே," என்றாள். பதினெட்டு. பத்து. கைக்கெட்டியதும் வாரி எடுத்து மார்போடு அழுத்திக்கொண்டு, சமையலறையையும் தாண்டி, முன்னறையையும் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டாள். அப்புறம்தான் பிள்ளையைக் கீழே இறக்கினாள்.

மண் சரியவில்லை. கம்பம் சாயவில்லை. மஞ்சள் ஸ்டூல் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தது.

கிழிந்த சட்டையோடு வந்த கணவர் சிரிப்புக்காரரின் காலரைப் பிடித்தார். "தெரிஞ்சே செஞ்சியாடா? முந்தாநாள் ராத்திரி என் பொண்ணு அந்தப் பின்ரூம்ல படுத்திருந்தாடா!"

சிரிப்புக்காரரின் சட்டைப்பையிலிருந்து ஃபோன் இதையும் கடமை தவறாமல் அவர் பாஷையில் சொன்னது. அவர் தடுக்கவில்லை, காலரை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. ஃபோனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகப் பேசினார்.

"வாங்க வேண்டாம்," என்றாள் ஃபோன் பெண், எப்போதும் போலக் கணீரென்று. "வாடகைக்கும் வேண்டாம்."

திரும்பவும் ஃபோனில் ஏதோ சொன்னார்.

"ஒவ்வொரு மழைக்கும் மேடு சரிந்துகொண்டே வருகிறது. இரண்டு மழைக்காலமாக நானும் முன்னறையில்தான் உறங்குகிறேன். இதை விற்றால் இங்கிருந்து போய்விடலாம் என்று நினைத்தேன். எனக்கு வேறு இடம் இல்லை."

கணவரின் கை தானாகத் தளர்ந்தது.

பெட்டிகளைக் கட்டினார்கள். பழக்கதோஷத்தில் டெய்லரம்மா கயிற்றைக் கழற்றப் பின்பக்கம் திரும்பினாள். கணவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடும்மா. கயிறுதானே."

ஊருக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கட்டிடத்து லிஃப்ட் கீழ்த்தளத்தில் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை, போன மாசம் அவரே சரிபார்த்ததுதான். அவர் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வாலுவைத் தோளில் தூக்கிக்கொண்டு, பெட்டியை மறுகையில் எடுத்துக்கொண்டு, பொண்டாட்டியின் பின்னால் படியேறினார்.

நாலாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார்.

"அந்தாளு நம்பர் உன் ஃபோன்ல இருக்குல்ல?"

"இருக்கு."

"தினம் காலைல ஒரு தடவ கூப்பிடு."

"கூப்பிட்டு என்னத்தப் பேசறது? பாஷையே தெரியாதே."

"பேச வேணாம்," என்றார் அவர். "எடுக்கறாரான்னு மட்டும் பாரு."