லட்ரீஸ் பெயருக்கு எதிரே ஒரு காலிக் கட்டம்

1
இந்தக் கதையை நான் எழுத நினைக்கவில்லை. எங்கள் ஓஹையோ கல்லூரியின் டீன் ஹாலோவே கேட்டார்: ஆசிரியர்கள் மாணவர்களை இடையில் நிற்கவிடாமல் எப்படிக் காக்கிறார்கள் என்று கல்லூரி மலருக்கு ஒரு வெற்றிக்கதை. சிரித்த முகத்தோடு படமும் வேண்டுமாம்.

2
'அன்று மழை. லட்ரீஸ் போடன் கண்ணீரோடு என் அறைக் கதவை...'

அடித்துவிட்டேன். மழையும் இல்லை, கண்ணீரும் இல்லை. லட்ரீஸுக்கு முப்பத்தொரு வயது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. என் கணக்கு வகுப்புக்கு இரண்டு வாரமாக வரவில்லை. அப்படிப்பட்டவர் பெயருக்கு எதிரே பருவத்தின் ஐந்தாம் வார வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நாங்கள் கணினியில் 'வருவதில்லை' என்று டிக் போட வேண்டும். போட்டால் வகுப்பும் போச்சு, உதவித்தொகையும் போச்சு.

[போடாவிட்டால் எனக்கு அடுத்த பருவம் வகுப்பு கிடைக்காது. நான் பகுதிநேர ஆசிரியை. இதைக் கடைசியில் சொல்லி உங்களை அதிரவைக்கலாம் என்றிருந்தேன். வேண்டாம்.]

3
செவ்வாயன்று போன் செய்தேன்.

"லட்ரீஸ், கணக்கு டீச்சர் பெக்கி ஸ்டூர் பேசுறேன்."

"என் பேரை எடுத்துடுங்க மிஸ். ரெண்டு டெஸ்ட்லயும் முட்டை."

"முட்டை இல்ல. முப்பத்தெட்டு."

"அடேங்கப்பா! ஷிஃப்ட்டை மாத்திட்டாங்க மிஸ். உங்க வகுப்பு நேரத்துல நான் பெட்ஷீட் மடிக்கிறேன். மூணு மணிக்குத்தான் விடுவாங்க. என்ன, இங்க வந்து பாடம் நடத்தப் போறீங்களா?"

கிண்டல்தான் செய்தாள். மூன்று மணிக்கு நான் போனேன். புதனும் வியாழனும் துணிமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பன்னிரண்டு கணக்கில் ஒன்பதைச் சரியாகப் போட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

4
இன்று வெள்ளி. சலவைக்கூடத்தில் பாடம் நடத்தியதை டீனிடம் சொன்னேன்.

"வகுப்பறைல உக்காந்தாத்தான் வருகை, பெக்கி. டிக் போட்டுடுங்க."

"மாட்டேன்."

"அடுத்த பருவம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும்."

கிளம்பும்போது கூப்பிட்டார். "அந்தச் சலவைக்கூடக் கதை பிரமாதம். மலருக்கு அதையே எழுதிடுங்க!"

எழுதிவிட்டேன். ஒரு வரி வெட்டினாலும் கொடுக்க மாட்டேன்.

5
முடிவு அ: டீன் மனம் மாறுகிறார். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)
முடிவு ஆ: லட்ரீஸ் பட்டமளிப்பு அங்கியில், கைதட்டலுக்கு நடுவே... (இன்னும் மூன்று கணக்கு பாக்கி இருக்கிறது.)

மணி நாலு ஐம்பத்திரண்டு. கட்டம் காலியாக இருக்கிறது, நான் தொடப்போவதில்லை. விதி விதிதான் என்கிற வாசகர் தாராளமாக டிக் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நேரே போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஷிஃப்ட் முடிந்தும் சலவைக்கூடத்தில்தான் இருக்கிறாள். பத்தாவது கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பாள்.