எலியானுக்குக் கல்யாணம் ஆன விதம்

நாற்பத்து நாலில், நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் எங்கள் ஊரைவிட்டுப் போன வாரமே, அவர்களுக்கு ஒத்தூதிய பழைய தினசரிக்குப் பூட்டுப் போட்டார்கள். அதே கட்டடத்தில், அதே அச்சு இயந்திரத்தில் எங்கள் 'புதுக்குரல்' பிறந்தது. காகிதத் தட்டுப்பாடு, ஒரே தாள், இரண்டு பக்கம். ஆசிரியர் டெல்மாஸ், காட்டில் துப்பாக்கியோடு மறைந்திருந்து போராடியவர். வாசகர் கடிதங்களைப் பார்ப்பது என் வேலை.

வந்த கடிதங்களெல்லாம் ஒன்றைத்தான் கேட்டன: பழைய பத்திரிகையின் தொடர்கதையில் வந்த எலியான் யாரைக் கட்டிக்கொண்டாள்? டாக்டர் வெர்னே மாதா கோயில் படியில் காத்திருக்க, அவள் வண்டியிலிருந்து இறங்கும் இடத்தில் கதை நின்றுபோயிருந்தது. எழுதியவரோ தலைமறைவு.

சந்தை நாளன்று சீஸ் விற்கும் லியோந்தின் நேரிலேயே வந்துவிட்டாள். பின்னால் நாலைந்து பெண்கள்.

"முசியே, அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"மதாம், நாட்டுக்கே விடுதலை கிடைச்சிருக்கு!" என்றார் டெல்மாஸ்.

"சந்தோஷம். அவளுக்கு என்ன கிடைச்சுது?"

"அந்தப் பேப்பர்லேர்ந்து ஒரு வரி எடுத்தாலும் நான் மனுஷனே இல்ல!"

"அப்ப உங்க பேப்பர் எங்களுக்கு வேணாம். இத்துனூண்டு! சீஸ் மடிக்கக்கூடப் பத்தல."

சொன்னபடியே செய்தார்கள். கட்டுக் கட்டாகப் பத்திரிகை திரும்பி வந்தது. இப்படியே போனால் அரசாங்கம் எங்களுக்குக் காகிதம் தருவதை நிறுத்திவிடும், மூட வேண்டியதுதான்.

"இதுக்காகவா குளிர்ல காட்டுல கிடந்தேன்?" என்று டெல்மாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்குப் பாவமாக இருந்தது. "ஒரு வரியும் எடுக்க வேணாம் முசியே. நாமளே ஒரு வரி எழுதிட்டா?"

முறைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

மறுநாள், ஊர்த் திருமணங்கள் பகுதியில், ஒரு தச்சர் கல்யாணத்துக்கும் ஒரு ரயில்வே ஊழியர் கல்யாணத்துக்கும் நடுவே வந்தது: 'டாக்டர் வெர்னேவுக்கும் செல்வி எலியானுக்கும் நம் ஊர்க் கோயிலில் திருமணம் நடந்தது.'

காலையிலேயே அத்தனை பிரதியும் தீர்ந்தது. லியோந்தின் ஒரு முழு சீஸை மேசைமேல் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு எங்களக் கூப்பிடவே இல்லியே முசியே? பரவால்ல, இது பொண்ணுக்கு."

டெல்மாஸ் அதை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். அதற்குப் பிறகு பத்திரிகை திரும்பி வரவில்லை.

அடுத்த கோடையில் ஒருநாள் டெல்மாஸ் என் மேசைக்கு வந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பிறப்புப் பகுதியில ஒரு வரிக்கு இடம் இருக்குமா?"

"இருக்கு முசியே. ஆணா, பொண்ணா?"

"அதத்தான் யோசிக்கிறேன்… ரெட்டையாப் போட்டா லியோந்தின் சந்தோஷப்படுவாள்ல?"